முதுகில் இருக்கும் பை

1937 ஏப்ரல் 25. பாரிஸை ஒட்டிய வின்சென். கிளெம் சோன் என்கிற 26 வயது அமெரிக்கர் விமானத்திலிருந்து குதிக்கிறார். கைகளுக்கும் விலாவுக்கும் நடுவே துணிச் சிறகு, கால்களுக்கு நடுவே இன்னொன்று. கீழே பெருங்கூட்டம். சிறகு தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. மிதந்தார், வளைந்தார், போதுமான உயரம் இருக்கும்போதே பாராசூட்டை இழுத்தார். விரியவில்லை. ரிசர்வை இழுத்தார். அதுவும் சிக்கிக்கொண்டது.

பறவை மனிதர்களின் கதையை நாம் சிறகின் கதையாகவே படித்துப் பழகியிருக்கிறோம். யூடியூபிலும் அதுதான் ஓடுகிறது: மலை விளிம்பு, பாறை இடுக்கு, வேகம். பாராசூட் விரிவதற்குள் வீடியோ முடிந்துவிடும். நான் விமானத்திலிருந்து குதித்தவன் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்தச் சாவுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒன்று பரிச்சயமாகத் தெரியும். இரண்டு மாட்யூல்கள். தனித்தனியாக ஓட்டினால் எல்லா டெஸ்டும் பாஸ். சேர்த்து ஓட்டினால் உடையும்.

லியோ வாலன்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். துணி வேண்டாம் என்று மரச்சிறகுக்குப் போனார். 1956 மே 21 அன்று லிவர்பூலில் குதித்தபோது சிறகு விமானத்திலேயே மோதி உடைந்தது. அதற்குப் பிறகும் அவரிடம் பாராசூட் இருந்தது. சுழன்றுகொண்டே விழுகிற உடம்பிலிருந்து அது வெளியே வந்து விரியவேண்டுமே? சுற்றிக்கொண்டது.

1964இல் காற்றாடி செய்பவரான டொமினா ஜால்பர்ட் புது வகைப் பாராசூட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வட்டக் குடை இல்லை. முன்பக்கம் திறந்த அறைகள் வரிசையாக ஒட்டிய மெத்தை மாதிரி ஒன்று. காற்று உள்ளே புகுந்ததும் உப்பி, விமானத்தின் இறக்கை வடிவத்துக்கு வந்துவிடும். குடையில் இறங்குவதுதான் முடியும், இதில் ஓட்டவும் முடியும். இன்று ஸ்கைடைவிங் பண்ணுகிற கிட்டத்தட்ட எல்லோரும் இதன் வாரிசுகளில்தான் இறங்குகிறார்கள்.

தொண்ணூறுகளில் பட்ரிக் டி கயார்டோன் இன்றைய விங்சூட்டுக்கு உருவம் கொடுத்தார். சிறகும் அறைகளாலானது, காற்றால் உப்புவது. 1998 ஏப்ரல் 13 அன்று ஹவாயில் இறந்தார். காரணம் சிறகு இல்லை, பாராசூட் பையில் அவரே செய்திருந்த ஒரு மாற்றம். மறு வருடம் யாரி குவோஸ்மாவும் ராபர்ட் பெச்னிக்கும் பேர்ட்மேன் என்ற நிறுவனம் தொடங்கி விங்சூட்டைக் கடைச்சரக்கு ஆக்கினார்கள். ஒரு சில மேதைகளின் சிக்கல் அதோடு எல்லோருடைய சிக்கலும் ஆயிற்று.

அந்தச் சிக்கல் இதுதான். பாராசூட்டை வெளியே இழுப்பது பைலட் சூட் என்ற சின்னக் குடை. கையால் எடுத்து வீசினால் காற்று அதைப் பிடித்து இழுக்கும். பின்னாலேயே பெரியது வரும். விங்சூட் அணிந்தவரின் முதுகுக்கு மேலும் பின்னாலும் ஒரு குழம்பிய காற்றுக்குழி உண்டாகிறது. சின்னக் குடை அதற்குள் விழுந்தால் இழுக்காது, தத்தளிக்கும். அதனால்தான் பைலட் சூட்டைப் பெரிதாக்கினார்கள். அதைப் பையோடு இணைக்கும் பட்டை சாதாரணமாக 6, 7 அடி இருக்கும். இவர்கள் 8, 9 அடி, அதற்கு மேலும் வைக்கிறார்கள். குழியைத் தாண்டிப் போய்த் தெளிந்த காற்றைப் பிடிக்கட்டும் என்றுதான்.

அடுத்தது, எந்தப் பாராசூட்? இங்கேதான் எனக்குப் பிடித்த முரண் வருகிறது. ஸ்கைடைவிங்கில் கெத்து என்றால் சின்னதான, நீள்வட்ட வடிவ, ஒன்பது அறைப் பாராசூட். லேசாகத் தோளைச் சாய்த்தாலே திரும்பும். விங்சூட்காரர் முன்னோக்கிய வேகத்தோடு வருகிறார். விரியும் நொடியில் உடம்பு கொஞ்சம் கோணினாலும் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். சின்ன நீள்வட்டமாக இருந்தால் முறுக்கோடு சேர்ந்து தலைகீழாகச் சுழல ஆரம்பித்துவிடும். இவருக்கோ கையும் காலும் துணிக்குள். ஆகவே வானத்திலேயே அதிகம் சாகசம் செய்கிறவர் தேர்ந்தெடுப்பது, பெரும்பாலும் ஏழு அறைகள் கொண்ட, சற்றே பெரிய, செவ்வகத்துக்குப் பக்கமான பாராசூட்டை. சுவாரசியமே இல்லாதது. முறுக்கிக்கொண்டாலும் நேராக மிதக்கும். காலை உதைத்து நிதானமாக முறுக்கைப் பிரிக்கலாம்.

இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடாதது. சைப்ரெஸ் என்ற தானியங்கிக் கருவி 1991இல் வந்தது. குதித்தவர் மயங்கிவிட்டால் ரிசர்வை அதுவே திறந்துவிடும். அதன் தர்க்கம் எளிமையானது: தரைக்குச் சுமார் 225 மீட்டர் மேலே வந்த பிறகும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுகிறாரா? அப்படியானால் திற. அந்த வேகம் மணிக்கு 126 கிலோமீட்டர். நல்ல விங்சூட்டில் கீழிறங்கும் வேகம் 100கூட இருக்காது. அந்த நிலையிலேயே மயங்கிவிட்டால்? கருவியைப் பொறுத்தவரை பாராசூட் ஏற்கெனவே விரிந்துவிட்டது, எல்லாம் நலம். ஒரு இஃப் நிபந்தனைதான். எழுதியவர் தப்பாக எழுதவில்லை. மனிதர் இவ்வளவு மெதுவாக விழுவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க பாராசூட் சங்கம் 200 முறை குதித்த பிறகே விங்சூட்டைத் தொட விடுகிறது. முதல் பறத்தலில் இழுக்கும் உயரம் வருவதற்கு முன்பே, கை சும்மா பின்னால் போய்ப் பையின் அடியில் இருக்கும் பிடியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஒரு தடவை, இன்னொரு தடவை. அதற்குப் பிறகுதான் நிஜமாக இழுப்பது.