எரிந்த குடிக்கணக்கும் எஞ்சிய வரிக்கணக்கும்

அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடலின் சாவி ஒரே ஒரு சொல்தான். பாட்டன் எந்த ‘டவுன்லேண்ட்’? பெயரைப் பார்த்துப் பட்டணம் என்று நினைத்துவிட வேண்டாம். சில வீடுகளும் அவற்றைச் சுற்றிய நிலமுமாகச் சேர்ந்த மிகச் சிறிய நிலப்பிரிவு அது. அயர்லாந்தில் இப்படி 60,000-க்கு மேல் இருக்கின்றன. அது தெரிந்தால் மற்றதைத் துழாவி எடுக்கலாம். ஆனால் 1820 முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் ஒப்படைக்கப்பட்ட கப்பல் பட்டியல்களில் இருப்பது பெயர், வயது, தொழில், தேசம். ஊர் என்று தேடினால் ‘அயர்லாந்து’. அவ்வளவுதான். வந்திறங்கியவனைப் பற்றி அந்த அரசுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

வேர் தேடுகிறவர்களுக்கு வழிகாட்டி எழுதுவது என் நோக்கம் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் கடந்தகாலம் யாருடைய கணக்குப் புத்தகத்தின் வழியாக நமக்கு வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு இதைவிட அப்பட்டமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

‘எல்லாம் 1922-இல் எரிஞ்சு போச்சு’ என்பது அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில். பாதி உண்மை. பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்காத குடியரசுப் படையினர் 1922 ஏப்ரலில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைப் பிடித்துக்கொண்டனர். ஜூன் 28-இல் தற்காலிக அரசின் பீரங்கிகள் சுடத் தொடங்கின. 30-ஆம் தேதி பெரும் வெடிப்பு. வளாகத்துக்குள் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டுக் காகிதங்கள் கருகி நகரத்தின்மேல் பறந்தன. 1821, 1831, 1841, 1851 குடிக்கணக்குகளில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று.

சரி, அதற்கடுத்த கணக்குகள்? 1861, 1871 இரண்டும் எடுத்துமுடித்த கொஞ்ச காலத்திலேயே அரசாங்க உத்தரவின்பேரில் அழிக்கப்பட்டன. 1881, 1891 முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. மொத்த எண்ணிக்கையை அச்சிட்டு அறிக்கையாக்கிக்கொண்ட பிறகு தனித்தனி மனிதர்களின் பெயர் எதற்கு என்பதுதான் இதன் தர்க்கம். நெருப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. குமாஸ்தாவின் உத்தரவு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆகவே பழி முழுவதும் உள்நாட்டுப் போரின் தலையில் விழுந்தது. ‘கலவரக்காரர்கள்தான் வரலாற்றை எரிக்கிறார்கள், அரசு அதைப் பாதுகாக்கிறது’ என்ற கதையாடல் எவ்வளவு சௌகரியமானது பாருங்கள். 2022-இல், எரிந்து நூறாண்டு ஆனபோது, உலகெங்கும் சிதறிக் கிடந்த படிகளைக் கொண்டு அந்தக் காப்பகத்தைக் கணினியில் மீட்டமைக்கும் திட்டம் வெளியிடப்பட்டது. நல்ல காரியம். ஆனால் கூழானதற்குப் படியில்லை.

முழுசாக மிஞ்சிய பழைய குடிக்கணக்குகள் 1901-உம் 1911-உம்தான். தேடப்படும் பாட்டன்களோ பெரும்பாலும் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே போய்விட்டவர்கள். 1841-இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்துக்குப் பின் 1851-இல் 65 லட்சம் சொச்சமாயிற்று. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள்.

இவர்களை எங்கே தேடுவது? வரிக்கணக்கில். முதலாவது, 1823 முதல் 1830-களின் பிற்பகுதிவரை எழுதப்பட்ட தசமபாகப் புத்தகங்கள். பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். வரியோ அரசு அங்கீகரித்த புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கு. தான் கால்வைக்காத கோவிலுக்குத் தன் வயலிலிருந்து அழுத காசின் கணக்குதான் இன்று ஒருவன் இருந்ததற்கு அத்தாட்சி. 1830-களின் தொடக்கத்தில் மக்கள் கட்ட மறுத்தார்கள். வரவேண்டியது வராமல் திண்டாடிய பாதிரிமார் நிவாரணம் கேட்டு அரசுக்கு மனுப்போட்டபோது, 1831-இல் யார் யார் பாக்கி என்று பட்டியல் கொடுத்தார்கள். சில இடங்களில் கட்டியவனைவிடக் கட்டாதவனைப் பற்றி அதிகத் தகவல் நமக்கு இருக்கிறது. அதிகாரத்தோடு உரசிய கணத்தில்தான் எளியவர்களின் வாழ்க்கை எழுத்தில் தடம் பதிக்கிறது என்று ஃபூக்கோ சொன்னதற்கு இந்தப் பாக்கிப் பட்டியல் நல்ல சாட்சி.

இரண்டாவது, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த நில மதிப்பீடு. நிலத்தை வைத்திருப்பவர், குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு எல்லாம் உண்டு. ஏழையர் நிவாரண வரி போடுவதற்கான புத்தகம் இது. குடும்பத் தலைவன் பெயர் மட்டும் இருக்கும். மனைவி, மக்கள் கிடையாது. பெண் வரவேண்டுமென்றால் பெரும்பாலும் அவள் விதவையாகியிருக்க வேண்டும். உழைப்புக்கு ஈடாகத் துண்டு நிலம் பெற்று உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த ‘காட்டியர்’கள், அதுவுமற்ற கூலிகள், இவர்கள் பெரும்பாலும் இரண்டு புத்தகங்களிலுமே வராதவர்கள். இன்னொன்று, மேயோ மாதிரியான மேற்குக் கவுண்டிகளில் மதிப்பீட்டாளர்கள் போய்ச் சேர்ந்ததே 1850-களின் நடுவில். அதற்குள் செத்தவர் செத்து, போனவர் போய், குடிசைகள் தரைமட்டம். அந்தப் புத்தகத்தில் நாம் பார்ப்பது காலியாக்கப்பட்ட நிலத்தின் புதிய உரிமை.

காலியாக்கியதில் பஞ்சத்துக்கு மட்டுமல்ல, ஒரு சட்டத் துணைவிதிக்கும் பங்குண்டு. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை ஒப்படைத்தால்தான் நிவாரணம் என்று 1847-இல் சேர்க்கப்பட்டது அது. நிலமா, கஞ்சியா என்று கேட்டார்கள். இதைக் கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர், கால்வே நிலப்பிரபு வில்லியம் கிரகரி. பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர் அவர்தான். கொழும்பு அருங்காட்சியகத்தின் முன் சிலையாக நிற்பவர், நுவரெலியா ஏரிக்குப் பெயர் தந்தவர். பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்திலிருந்து அயர்லாந்துக்கான நிவாரணப் பணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்த சார்லஸ் டிரெவல்யன் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அயர்லாந்து நமக்குத் தூர தேசம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். பஞ்சத்தை நிர்வகிக்கிற கை ஒரே கைதான், நாற்காலி மட்டும்தான் மாறியது.

பெயர் விஷயம் தனிக்கதை. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பங்குச்சாமியார் எழுதியது லத்தீனில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். ஜேம்ஸ் அங்கே ‘யாக்கோபுஸ்’. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிவந்த தாய் மேற்குப் பகுதிகளில் பேசியதோ ஐரிஷ். அவள் வீட்டில் கூப்பிட்ட பெயர் ஏட்டில் ஏறவில்லை. 1824-இல் தொடங்கிய நில அளவை, ஊர்ப் பெயர்களை ஆங்கில உச்சரிப்புக்கு வெட்டித் தைத்தது. குடும்பப் பெயர்களிலும் ‘ஓ’, ‘மக்’ எல்லாம் உதிர்ந்தன. கொல்லன் மகன் என்று பொருள்படும் மக்கவன்கள் கேவன் கவுண்டியில் பலர் ‘ஸ்மித்’ ஆகிவிட்டார்கள். நியூயார்க்கில் ஒரு ஸ்மித்தின் பேரன் ஸ்மித்தைத் தேடிக்கொண்டு வந்தால் என்னத்தைக் கண்டுபிடிப்பான்?

போனவர்கள் தாங்களே பேசிய இடம் எதுவுமே இல்லையா என்றால், உண்டு. பாஸ்டனின் ‘பைலட்’ பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பல்லாயிரக்கணக்கில். கப்பல் பட்டியலும் வரிக்கணக்கும் விட்டதெல்லாம் இங்கே இருக்கிறது. எந்தக் கவுண்டி, எந்தப் பங்கு, எந்த டவுன்லேண்ட், எந்த வருஷம் கப்பலேறினான், கடைசியாக எந்த ரயில்பாதை வேலையில் பார்த்தார்கள் என்று விவரம் விவரமாக. அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி. காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்பதால் சொற்களில் சிக்கனம். ஊர்ப்பெயரில் மட்டும் சிக்கனம் இல்லை. அதுதானே அடையாளம்.

1850-இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பேரேடுகளும் இப்படித்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பணமெடுக்க வரும்போது ஆள் மாறாட்டம் நடக்காமலிருக்க, பிறந்த ஊர், வந்த கப்பல், தாய்தகப்பன், உடன்பிறந்தோர் பெயர்களையெல்லாம் கேட்டு எழுதிவைத்தார்கள். வீட்டுவேலை செய்த பெண்களின் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. அயர்லாந்து ஏடுகளில் இல்லாத பெண், தன் சம்பாத்தியத்தைப் போட்டுவைத்த இடத்தில் தாயின் பெயரோடு வருகிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த நகரத்தில்தான், 1863 ஜூலையில், 300 டாலர் கட்டினால் பணக்காரன் தப்பிக்கலாம் என்றிருந்த ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்துக் கொன்றது. கறுப்பின அநாதைக் குழந்தைகளின் இல்லத்தைக் கொளுத்தியது. கூட்டத்தில் பெரும்பாலோர் ஐரிஷ் உழைப்பாளிகள். குடியெழுப்பப்பட்டவனும் கொளுத்தியவனும் ஒரே பாட்டனாக இருக்கலாம். பூர்வீகத் தேடல் கப்பலேறிய இடத்தோடு கண்ணீர்விட்டு நின்றுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இறங்கிய இடத்து ஏட்டையும் அதே கவனத்தோடு புரட்ட வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த ஆவணம் ஒன்று. 1908-இல் முதியோர் உதவித்தொகைச் சட்டம் வந்தது. எழுபது நிறைந்தவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங்வரை. அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு ஆரம்பித்ததே 1864-இல்தான். எழுபது வயதுக்கு என்ன அத்தாட்சி? ‘பெருங்காற்றடித்த ராத்திரி எனக்கு நல்லா ஞாபகமிருக்கு’ என்றார்கள். 1839 ஜனவரி 6 இரவு அடித்த சூறைக்காற்று அது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் உதவித்தொகை கேட்டு வந்தார்கள். 1901 கணக்கில் ஐம்பத்தெட்டு என்றவர் 1911-இல் எழுபத்திரண்டு என்று நின்றார். பொய்யென்றால் பொய்தான். வரிக்கும் வாடகைக்கும் மட்டுமே தன்னை எழுதிவைத்த ஏட்டில் ஏழை முதல்முறையாகத் தனக்காக எழுதிக்கொண்டது என்றும் இதை வாசிக்கலாம்.

அதிகாரிகள் விடவில்லை. 1841, 1851 குடிக்கணக்குகள் அப்போது எரியாமல் இருந்தன. விண்ணப்பித்தவரின் பெயர், தாய்தகப்பன் பெயர், டவுன்லேண்ட் எல்லாம் ஒரு தாளில் எழுதப்பட்டுக் காப்பகத்துக்குப் போகும். குமாஸ்தா பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார். பல தாள்களில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டார். சிலவற்றில் அந்த வீட்டில் அன்று இருந்த எல்லோரையும் வயதோடு படியெடுத்துக் குறித்தார். 1922-இல் குடிக்கணக்கு எரிந்தது, இந்தத் தாள்கள் தப்பின. கப்பல் பட்டியலில் வெறும் ‘அயர்லாந்து’ என்று நிற்கும் ஒருவனின் ஊரும் வயதும், போகாமல் அங்கேயே தங்கிவிட்ட அவன் தங்கை ஐந்து ஷில்லிங் கேட்டுக் கொடுத்த தாளில் இருக்கக்கூடும். கட்டைப் பிரித்த குமாஸ்தா அன்றைக்கு அவளுடைய வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த வரியையும் படியெடுத்திருந்தால்.