கனமான சத்தம்: திருப்புலி நாட்டில் ஒரு வால்வு செட்

சென்னையில் நண்பர் ஒருவர் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறார். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக் குழல்கள் செக்கச் சிவக்க எரிவதைக் காட்டி, ஓர் இசைத்தட்டைப் போட்டார். பிறகு, 'வெதுவெதுப்பு தெரியுதா?' என்றார். தெரிகிறது என்றேன். பொய்யில்லை, நன்றாகவே இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் வீடு வரை உறுத்திக்கொண்டே வந்தது. சேந்தமங்கலத்தில் 1960களிலும் 70களிலும் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த என் அப்பா அந்தச் சொல்லை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. வால்வின் சூடு அவருக்கு விரல் சுடுகிற சூடு மட்டும்தான். சத்தத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் இருந்தது வேறு சொல்: 'வால்வு சத்தம் கனமா இருக்கும்டா.'

வெதுவெதுப்பு என்பது நாற்காலியில் சாய்ந்து கேட்பவனின் சொல். கனம் என்பது தூக்கியவனின் சொல் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அப்பாவும் தூக்கவில்லை. தூக்கியவர்கள் வேறு ஆட்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

கனம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கண்ணாடிக் குழலுக்கு எடையே கிடையாது. ஆனால் வால்வு வேலை செய்ய முந்நூறு நானூறு வோல்ட் அழுத்தம் வேண்டும். ஸ்பீக்கருக்கோ குறைந்த அழுத்தத்தில் அதிக மின்னோட்டம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே தரகு வேலை பார்ப்பது டிரான்ஸ்ஃபார்மர், அதாவது தகடு தகடாக அடுக்கிய இரும்பு. மின்சாரம் இல்லாத ஊர் என்றால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து அந்த உயர் அழுத்தத்தை உண்டாக்க வைப்ரேட்டரும் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரும் சேரும். இதோடு லாரி பேட்டரி இரண்டு, கிராமபோன், தட்டுப் பெட்டி, குழாய் ஸ்பீக்கர் இரண்டு. வண்டி போகிற மட்டும் வண்டி. அதற்கப்புறம் திருப்புலி நாட்டுப் பட்டிகளுக்குத் தலைச்சுமைதான்.

கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. திருப்புலி நாடு அவற்றில் ஒன்று. அங்கே வாழ்கிற மலையாளிகள் கேரளத்துக்காரர்கள் அல்லர். தங்கள் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகக் கதை சொல்லும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள். கோயில் சாட்டினால் கீழ்நாட்டிலிருந்து மைக்செட் வரவேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில், 1970களின் தொடக்கத்தில், இரண்டு மூன்று முறை அப்பாவோடு போயிருக்கிறேன். முன்னால் அப்பா ஊசி டப்பாவோடு நடப்பார். பின்னால் நான் வெறுங்கையோடு. அதற்குப் பின்னால் நான்கு மலைக்காரர்கள் அந்தக் கனத்தைச் சுமந்து வருவார்கள். ஆம்ப்ளிஃபயர் தூக்கியவருக்குச் சும்மாட்டுத் துணி கூட நாங்கள் தந்ததாக நினைவில்லை. வால்வு உடையாமல் வரவேண்டும் என்பதற்காக அதைப் பஞ்சில் சுற்றித் தனியாக வைத்திருந்தோம்.

அப்பாவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. பேட்டரி சார்ஜ், கிராமபோன் ஊசி, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு ஒரு ஜோடி, பஸ் லக்கேஜ் என்று எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறது. மலைக்குப் போன தேதிகளும் இருக்கின்றன. சுமைக்கூலி என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. ஆவணத்தின் மௌனம் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். சொந்த அப்பாவின் கையெழுத்தில் அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

வால்வின் காலம் என்பது ஒரு வாய்க்குப் பல ஆயிரம் காதுகள் என்ற ஏற்பாட்டின் காலம். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வை உருவாக்கியதிலிருந்துதான் மெல்லிய மின் அலையைப் பெருக்குவது சாத்தியமானது. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நொடித்த பின் மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஸ்பீக்கர் கட்டி ஊரைக் கேட்க வைத்தது. 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு பம்பாயின் சிகாகோ ரேடியோ கம்பெனி ஒலிபெருக்கி கட்டியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன. பின்னால் திராவிட இயக்க மேடை இந்தக் கருவியைத் தன் உடம்பின் உறுப்பு போலவே ஆக்கிக்கொண்டது. தமிழ் மேடைப்பேச்சின் இழுவையும் நிறுத்தமும் மைக் இல்லாமல் அந்த வடிவத்தை எடுத்திருக்குமா என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். எப்படியிருந்தாலும், பேசுகிறவர் மேலே, கேட்கிறவர் கீழே. மலையில் மட்டும் இடம் மாறியது. கேட்கிறவர்கள் மேலே இருந்தார்கள், சத்தம் கீழிருந்து ஏறிப் போனது.

இது புதிதும் இல்லை. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிய வன்பரணரின் பாட்டில் (புறநானூறு 152) கிட்டத்தட்ட ஒரு சவுண்ட் செக்கே நடக்கிறது. முழவுக்கு மண் பூசு, யாழைப் பண்ணில் நிறுத்து, பதலையின் ஒரு முகத்தை மெதுவாக இயக்கு என்று கூட்டத்துக்குக் கட்டளைகள். அதுவும் மலைக்கு வந்தவர்களின் இசைதான். மலையில் இருந்தவர்கள் என்ன பாடினார்கள் என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. அப்பாவின் செட்டும் சொல்லவில்லை. மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தார். ஊர்க் கவுண்டர் அறிவிப்பு செய்ய வேண்டுமென்றாலும் அப்பா காதில் சொல்ல, அப்பாதான் மைக்கில் சொல்வார்.

டிரான்சிஸ்டர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அது எங்கள் தொழிலுக்குள் நுழைந்தது மெதுவாக. 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் பன்னிரண்டு வோல்ட்டிலேயே வேலை செய்யும். வைப்ரேட்டர் வேண்டாம், உயர் அழுத்தம் வேண்டாம், இரும்பு பெருமளவு குறைந்தது. ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. 'வால்வு சொல்லிட்டுச் சாகும், இது சொல்லாம சாகும்' என்பார். நியாயம்தான். ஸ்பீக்கர் ஒயர் ஒன்றோடொன்று பட்டால் வால்வு கொஞ்ச நேரம் தாங்கும், அந்தக் கால டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் போய்விடும். ஆனால் அவருடைய கோபத்தில் பாதி ஒலி பற்றியது அல்ல. வால்வு செட்டைத் திறக்கத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ரிச்சி தெருவில் போர்டு வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தும் பையன்கள் வந்தபோது போனது அந்த ஏகபோகம்.

1990களில் திருப்புலி நாட்டு இளைஞர்கள் மரவள்ளிப் பணத்தில் பங்கு போட்டுச் சொந்தமாக ஒரு டிரான்சிஸ்டர் செட்டும் கேசட் டெக்கும் வாங்கினார்கள். இங்கே உடனே 'தொழில்நுட்பத்தின் ஜனநாயகம்' என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். எந்தப் பாதையில் செட் ஏறியதோ அதே பாதையில்தான் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கியது. சாமையும் தினையும் விளைந்த காடு அதற்காகச் சுருங்கியது. மைக் தங்கள் கைக்கு வந்தபோது, பெண்கள் சாமை அறுப்பில் பாடிய பாட்டைப் பாட அறுப்பே குறைந்துபோயிருந்தது. ஆனாலும் பாடினார்கள். ஒரு கேசட்டில் பதிந்த அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். ஆடு கத்துகிறது, யாரோ இருமுகிறார்கள், பாட்டு உடைந்து உடைந்து வருகிறது. வால்வின் முப்பது வருஷத்தில் இப்படி ஒரு ஒலி அந்த மலையில் குழாய் வழியாக வந்ததே இல்லை.

சரி, சத்தத்தில் வித்தியாசம் உண்டா இல்லையா? சில வருஷங்களுக்கு முன் அப்பாவின் செட்டைப் புதுப்பித்தேன். பழைய காகிதக் கண்டென்சர்கள் கசிந்தால் வால்வே எரிந்துவிடும், ஆகவே அத்தனையும் புதிது. வடிகட்டும் எலக்ட்ரோலிடிக்குகளும் புதிது. ஆக, 'பழைய ஒலி' என்று நாம் கேட்பது பாதி நேற்று வாங்கியது. அதைத் திருப்புலி நாட்டுக்குக் கொண்டுபோய், பையன்களின் செட் பக்கத்தில் வைத்து, அதே குழாயில், அதே கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டோம். அளவாக வைத்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும்தான். குழாய் ஸ்பீக்கர் அடி ஒலியையும் உச்ச ஒலியையும் விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டைத்தான் அது வெளியே விடும். 1978இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மோயர் மிக நல்ல ஸ்பீக்கர்களை வைத்து, குவாட் நிறுவனத்தின் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களையும் மறைத்து வைத்து நடத்திய சோதனையிலும் தேர்ந்த காதுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் பையன்கள் வால்யூமை முழுக்கத் திருகியபோது கதை மாறியது. டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தாண்டினால் அலையின் முகட்டைக் கத்தியால் சீவியது போல் வெட்டிவிடும். வால்வு அதை மழுக்கும். ரஸ்ஸல் ஹாம் 1973இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: வேறுபாடு எல்லைக்குள் இல்லை, எல்லை மீறலில் இருக்கிறது. நம் திருவிழாக்களோ எப்போதும் எல்லை மீறியே ஒலித்தவை. அறையில் உட்கார்ந்து கேட்கும் என் நண்பர் அந்த எல்லைப் பக்கமே போவதில்லை. ஆகவே அவர் சொன்ன வெதுவெதுப்பில் விளக்கை அணைத்ததன் பங்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா சொன்ன கனம் மட்டும் நிஜமான ஒரு சத்தம்.

கூட்டத்தில் எழுபது தாண்டிய ஒருவர் செட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுமந்தவர்களில் ஒருவர். ஒலி பற்றிக் கேட்டேன். 'அப்ப காதை அடைக்காதுங்க, நெஞ்சுல வந்து உக்காரும்' என்றார். பிறகு, 'இத நாந்தானுங்க தூக்கியாந்தேன். தூக்கிப் பாக்கட்டுங்களா?' என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். கூலி எவ்வளவு தந்தார் அப்பா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

'கூலியாங்க? பாட்டு சும்மாதானே கேக்கறீங்க, அதுதான் கூலின்னுட்டாருங்க.'

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குள் ராத்திரி பூசைக்கு செட் வேண்டுமென்று பையன்கள் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். வால்வு செட்டை ஜீப்பில் ஏற்ற இருவர் வந்தார்கள். மறுபக்கம் நான் பிடித்தேன். பெரியவர் நகர்ந்து நின்று கொண்டார்.