சாமா (பின்னவலை யானை)

சாமா, இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1983–2009) மிதிவெடியில் அகப்பட்டு முன்னங்கால் பாதத்தை இழந்த பெண் யானை. குட்டியாக மீட்கப்பட்டு, கேகாலை மாவட்டத்துப் பின்னவலை யானைகள் சரணாலயத்தில் வளர்ந்தது.

மிதிவெடி ஆள் மிதிப்பதற்கென்று புதைக்கப்படுவது. தண்ணீருக்கும் தீனிக்கும் பழகிய தடத்திலேயே போய்வரும் யானையும் அதில் அகப்படுகிறது. வெடியில் யானை உடனே சாவது குறைவு. பாதம் சிதைந்து, புண் அழுகி, நாட்கணக்கில் வதைபட்டே சாகும். சாமா பிழைத்தது மனிதர் கண்ணில் பட்டதால்தான்.

யானை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. முன்பாதம் போனால் மிஞ்சிய மூன்று கால்களுக்கும் முதுகெலும்புக்கும் அது ஆயுள் முழுதும் சுமை. குட்டையாகிப்போன கால் நிலத்தைத் தொடுவதற்காக, அடிக்கொரு தரம் அதன் தோள் தாழ்ந்து எழும்பும். மந்தையோடு சரணாலயத்துக்கு அருகே ஓடும் மகா ஓயா ஆற்றில் இறங்கிக் குளிப்பது இத்தகைய யானைக்குப் பெரிய ஆறுதல். நீரில் நிற்கும் நேரம் உடற்பாரம் குறைகிறது.

சரணாலயத்தை வனஜீவராசிகள் திணைக்களம் 1975இல், கேகாலை–றம்புக்கனை வீதியருகே 25 ஏக்கர் தென்னந்தோட்டத்தில், ஐந்து குட்டிகளுடன் தொடங்கியது. 1978இல் அது மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் கைக்கு மாறியது. 1984இல் இங்கு முதற்குட்டி பிறந்தது. கித்துல், தென்னோலை, பலாவிலை ஆகியவை தீனி. துப்பாக்கிச் சூட்டில் பார்வை பறிபோன ராஜா என்ற கொம்பன் யானையும் இங்கேதான் அடைக்கலம் பெற்றது.

பின்னவலையின் சங்கிலிகளையும் சுற்றுலாக் கூட்டத்தையும் கண்டிப்போர் உண்டு; அதில் நியாயமும் உண்டு. 1995இல் தொடங்கிய உடவளவை யானைக்குட்டிப் பராமரிப்பு நிலையம் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புகிறது, அதுவே சிறந்த வழி. ஆனால் மூன்று காலில் நிற்கும் யானை காட்டில் மந்தையின் வேகத்துக்கு நடக்க முடியாது. சாமாவிடமிருந்து கட்டற்ற வாழ்வைப் பறித்தது சரணாலயமல்ல, மிதிவெடி.

இத்துயரம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்து–மியன்மார் எல்லையில் 1999இல் மோத்தாலா என்ற யானையும், பின்னர் ஏழு மாதக் குட்டியான மோஷாவும் இதே விதமாகக் காலிழந்தன. லம்பாங் யானை மருத்துவமனை இரண்டுக்கும் செயற்கைக்கால் பொருத்தியது.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசம்பரில், போர் முடிந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.