புழுங்கல் அரிசியும் தொலைந்த ஞாபகமும்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்களின் மதியச் சாப்பாட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இருப்பது புழுங்கல் அரிசிச் சோறுதான். பச்சரிசியெல்லாம் பொங்கலுக்கும் பலகாரத்துக்கும். இந்தச் சாதாரண அரிசிக்கும், அசாதாரண உளவியல் பாடத்தில் வரும் நினைவுக் கோளாறுகளுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அது மலேயா வழியாகச் சுற்றி வருகிறது.

முதலில் நோய். 1881ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாத குழப்பம். இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் கந்தக அமிலம் குடித்த ஓர் இளம்பெண். அதன்பின் ஓயாத வாந்தி. 1887ல் மாஸ்கோவில் செர்கெய் கோர்சகோவ் வேறொன்றைக் கவனித்தார். பழைய சங்கதியெல்லாம் நினைவிருக்கும், ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது மட்டும் மனதில் நிற்காது. அந்த ஓட்டையை மனமே கதை கட்டி அடைக்கும். மூன்று மாதமாக வார்டில் படுத்திருப்பவர், "காலையிலதான் காசிமேடு போய் மீன் வாங்கிட்டு வந்தேன்" என்பார். பொய் சொல்கிறார் என்று வீட்டார் கோபப்படுவார்கள். ஆனால் அவர் அதை நிஜமாகவே நம்புகிறார்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே, அது சாப்பாட்டில் இருக்கிறது என்பது தெரிய வெகு காலமானது.

சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் கூலிகளாக மலேயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. அங்கே தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களைப் பெரிபெரி கொன்று குவித்தது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இதயம் நிற்கும். அதே ஊரில் தமிழர்களுக்கு இந்த நோய் அபூர்வம். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த டாக்டர் பிராடன், வித்தியாசம் அரிசியில்தான் என்றார். சீனர்கள் தின்றது மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநோய் விடுதி. 1905 டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் கிழக்கு வார்டுக்கு, பழைய சயாம் வெள்ளை அரிசியே. இரட்டைப்படை மேற்கு வார்டுக்கு, வங்காளத்துப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றேதான். குற்றம் கட்டிடத்தில் இருக்குமோ என்று நடுவில் வார்டுகளை மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியில் செத்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயால் ஒரு சாவுகூட இல்லை.

அருமையான சோதனை என்று மருத்துவ வரலாற்றில் பாராட்டுகிறார்கள். வரிசையில் நின்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எதுவும் இருக்கவில்லை. இன்னொன்று: ஏற்கெனவே பைத்தியம் என்று பெயர் எழுதப்பட்டவரிடம் புதிதாகக் குழப்பமோ மறதியோ வந்தால், அதைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது யார்?

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின், அதாவது தயமின், உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போய்விடாது. 1926ல் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

மூளைக்கும் இதற்கும் உள்ள முடிச்சு நன்றாக அவிழ்ந்தது போர்க்கைதிகளிடம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கைதிகளுக்குக் கிடைத்தது தீட்டிய அரிசி. உடம்பில் தயமின் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். சில வாரங்களிலேயே வெர்னிக்கே எழுதிய அதே குழப்பம், அதே கண் கோளாறு, கூடவே மறதி. கைதிகளாக இருந்த டாக்டர்கள் டி வார்டனர், லெனாக்ஸ் இருவரும் 52 நோயாளிகளின் விவரங்களை 1947ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் குடிகாரர்கள் அல்ல, பட்டினி கிடந்த சிப்பாய்கள். குடி இல்லாமலே தயமின் குறைவு மட்டும் மனதை இப்படிக் கலைக்கும் என்பது உறுதியானது. (அதே போரில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்த தமிழர்கள் பல்லாயிரம். புழுங்கல் அரிசி தேடிப் போடும் நிலை அங்கே இல்லை.)

நம் ஊரில் இன்று இந்த நோய் வருவது அதிகமும் குடியால்தான். வேலை முடிந்ததும் சாப்பிடாமல் குடிக்கிறவருக்கு உள்ளே போகும் தயமினே குறைவு; போகிற கொஞ்சத்தையும் குடல் உறிஞ்ச விடாமல் சாராயம் தடுக்கிறது. தள்ளாட்டத்தையும் உளறலையும் பார்த்து "போதை, தூங்கினால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நோய் முற்றலாம். அதனால்தான் குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டதும் கண் அசைவு சீக்கிரமே சரியாகத் தொடங்கும். தாமதமாகியிருந்தால், ஞாபகம் பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை.