வானிலிருந்து காணும் கோபுரமும் பாலமும்



சென்ற தவணையில் ஒரு நாள், எங்கள் பாடசாலையின் கணினி அறையிலே தரம் பத்து மாணவர் சிலர் செய்மதிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களின் ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால் அந்தப் பாடவேளையை அதிபராகிய நானே ஏற்றிருந்தேன். கொழும்பில் பேரை வாவிக் கரையில் நிற்கும் தாமரைக் கோபுரத்தைக் காணவேண்டும் என்பது அவர்கள் ஆசை. அது சுமார் 350 மீற்றர் உயரமானது. 2019இல் திறப்புவிழாக் கண்டு, 2022 செப்ரெம்பரில் பொதுமக்களுக்குத் தன் வாயிலைத் திறந்தது. திரையிலே கொழும்பு நகரம் விரிந்தது. வாவியும் தெரிந்தது. கோபுரத்தைத்தான் காணவில்லை. "சேர், கோபுரம் எங்கே? ஒரு வட்டமும் ஒரு நிழலும்தானே கிடக்கிறது!" என்றான் ஒருவன். அவன் குரலிலே ஏமாற்றம் தெரிந்தது.

அவன் கூறியது முற்றிலும் சரி. நேர் மேலேயிருந்து நோக்கும் கண்ணுக்கு உயரம் என்ற ஒன்று புலப்படுவதில்லை. தரையிலே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கே கோபுரம் கோபுரமாகின்றது. 2010இல் துபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபா 828 மீற்றர் உயரமுடையது. உலகில் அதற்கு நிகரான கட்டிடம் இன்னும் எழவில்லை. வானிலிருந்து பார்த்தால் அதுவும் மணலில் விழுந்த மூவிதழ்ப் பூவொன்றைப் போலவே தோன்றும்.

அப்படியாயின் செய்மதிப் படத்திலிருந்து உயரத்தை அறிய வழி யாது? அந்த வழி மாணவன் குறைகூறிய நிழலிலேயே இருக்கின்றது. இது நமக்குப் புதிய வித்தையன்று. கடிகாரம் வருமுன் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அஸர் தொழுகையின் நேரத்தை எவ்வாறு அறிந்தனர்? முற்றத்திலே ஒரு கோலை நாட்டினர். நண்பகலில் அக்கோலுக்கு இருந்த நிழலோடு, கோலின் உயரமளவு நிழல் மேலும் கூடியதும் அஸர் வந்தது என்றனர். சூரியன் நிற்கும் கோணத்துக்கும், பொருளின் உயரத்துக்கும், நிழலின் நீளத்துக்கும் உள்ள உறவு அந்தக் கோலிலே அடங்கியிருந்தது. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி நிழல்களைப் பற்றியே தனியொரு நூல் இயற்றினார். ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் கொண்டு பூமியின் ஆரையைக் கணித்தவரும் அவரே.

செய்மதி படம் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். அந்த நேரத்தில் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் இருந்தது என்பதைக் கணித்துவிடலாம். 45 பாகையாயின் நிழலின் நீளமே உயரம். 60 பாகையாயின் தாமரைக் கோபுரத்தின் நிழல் ஏறக்குறைய 200 மீற்றர் நீண்டு கிடக்கும். மாணவர்கள் திரையிலேயே நிழலை அளந்து பெருக்கிப் பார்த்தார்கள். விடை சற்றே பிசகியது. எனினும் பிசகிய விடை தந்த மகிழ்ச்சியைச் சரியான விடை தந்திருக்குமா என்பது ஐயமே. இந்தியா 2005இல் ஏவிய கார்ட்டோசாற்-1 என்னும் செய்மதி இன்னொரு வழியைக் கையாண்டது. முன்னும் பின்னுமாகச் சாய்ந்த இரண்டு கமராக்கள் ஒரே நிலத்தை இரு கோணங்களில் நோக்கின. நம் இரு கண்களும் ஆழத்தை உணர்வதுபோல, அவ்விரு படங்களும் சேர்ந்து உயரத்தை உணர்த்தின.

தாமரைக் கோபுரத்தை விட்டு அநுராதபுரத்துக்குச் சென்றோம். அங்கே ஜேதவனராமத் தாதுகோபம் ஒரு பெருவட்டமாகப் படத்தில் அமர்ந்திருந்தது. மகாசேன மன்னன் தொடங்கி அவன் மகன் காலத்தில் நிறைவுற்ற அந்தச் செங்கற் கட்டிடம், எழுந்த காலத்தில் சுமார் 122 மீற்றர் உயர்ந்து நின்றது என்பர். அன்றைய உலகில் கீசாவின் இரு பெரும் பிரமிட்டுகள் மட்டுமே அதனினும் உயர்ந்தவை. இன்று எஞ்சியிருப்பது 71 மீற்றர். ஆயினும் மேலேயிருந்து காணும்போது, உயரத்தில் ஐந்து மடங்கு பெரிதான தாமரைக் கோபுரம் ஒரு குண்டூசித் தலையாகவும், இத்தாதுகோபம் ஒரு குன்றாகவும் தெரிகின்றன. கோடிக்கணக்கான செங்கற்களைச் சுட்டு அடுக்கியவர்கள் முதலில் நிலத்தை அகலமாகப் பற்றிக்கொண்டனர். அதன் பின்னரே மேலே ஏறினர்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலை நேயர்கள் பலர் அறிவீர்கள். நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நடைபெறுகின்றது. செய்மதிகளில் அநேகம் முற்பகலிலே படம் எடுப்பன. அவ்வேளையில் சூரியன் கடலின் மேல் நிற்கும். ஆகவே படத்தில் மினாராவின் நிழல் கடலை நோக்கி விழாமல் ஊரை நோக்கியே விழும். அந்த நிழல் விழும் பக்கத்திலேதான் எங்கள் கரையின் வரலாற்றில் மிகக் கொடிய நாளின் தடயமும் கிடந்தது.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி குயிக்பேர்ட் என்னும் செய்மதி களுத்துறைக் கரையைக் கடந்து சென்றது. பேரலை பின்வாங்கும்போது நீர் சுழன்றோடிய கோலத்தை அது படமாக்கியது. உலகம் முழுவதும் பார்த்த படம் அது. எங்கள் கரையின் படங்களை நான் கண்டது பல மாதங்களுக்குப் பின்னரே. அழிவுக்கு முன் எடுத்தது ஒன்று, பின் எடுத்தது ஒன்று. முதற்படத்திலே கூரைகள் நெருங்கிக் கிடந்தன. இரண்டாவதில் கூரைகளைக் காணோம். சீமெந்துத் தளங்கள் மட்டும் வெளிறிய நீள்சதுரங்களாக வரிசையாய்க் கிடந்தன. எதற்கும் நிழல் இல்லை. நிற்பது எதுவுமில்லாத இடத்தில் நிழல் எவ்வாறு விழும்? என் வகுப்பிலே முன்வாங்கில் அமர்ந்திருந்த ஒரு பிள்ளையின் வீட்டை அந்தத் தளங்களுக்கிடையே நெடுநேரம் தேடினேன். வீதியின் வளைவை வைத்தே அதை அடையாளம் காண முடிந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அதன்பின் 2005இல், வடக்கு கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்கும், தெற்கு மேற்குக் கரைகளில் 100 மீற்றருக்கும் உள்ளே வீடு கட்டலாகாது என்று விதி வகுத்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. வரைபடத்தின் மேல் 200 மீற்றர் என்பது ஒரு மெல்லிய கீற்றுத்தான். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அந்தக் கீற்றுக்குள்ளே எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பதை அங்கே பிறந்தவனே அறிவான். கிழக்கே கடல், மேற்கே வயலும் நீர்நிலையும், இடையிலே ஒரு சிறு மணற்பட்டி. பின்வாங்க நிலம் இல்லாதபோது மக்கள் எங்கே செல்வர்? மேலேதான் ஏறவேண்டும். வாசலும் வளவும் கிணறும் கொண்டு வாழ்ந்த எங்கள் மக்களுக்காக, கல்முனைப் பகுதியில் அடுக்குமாடி வீட்டுத் திட்டங்கள் எழுந்தது இவ்வாறே. கொழும்பின் கோபுரத்தோடு அவற்றை ஒப்பிட்டால் அவை ஒன்றுமில்லை. ஆயினும் அண்மைக்காலப் படங்களில் அவற்றின் குறுகிய நிழல்களைக் காணும்போதெல்லாம், அந்த நிழலில்லாத படம் எனக்கு நினைவுக்கு வருகின்றது.

கோபுரத்தைத் தட்டையாக்கும் செய்மதி, பாலத்தை அதன் முழு நீளத்தோடும் காட்டிவிடுகின்றது. அதுவும் எல்லாக் காலத்திலும் இயன்றதன்று. 1972 யூலையில் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாற் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீற்றர் நிலத்தைக் குறித்தது. பாலமென்ன, ஒரு சிறிய ஊர்ச்சந்தையே ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடும். 1999 செப்ரெம்பரில் ஐக்கோனொஸ் செய்மதி வந்த பின்னரே, ஒரு மீற்றர் அளவினதான பொருளையும் பொதுமக்கள் படத்தில் காணக்கூடியதாயிற்று.

மட்டக்களப்பு வாவி வடக்கேயிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைப்பது எங்கள் வழக்கு. சூரியன் எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. ஆஸ்பத்திரியும் சந்தையும் பெரிய பாடசாலைகளும் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல் விளையும் பரந்த வயல்கள் படுவான்கரையில். இரண்டையும் இணைத்தது எது? மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் நாட்டுப்புறத்தில் "பாதை" என்றே அழைப்பர். வெளியூரார் இச்சொல்லைக் கேட்டு மயங்குவதுண்டு. பிறருக்குப் பாதை என்றால் காலடியிலே நிலைத்துக் கிடப்பது. எங்களுக்கோ அது அக்கரைக்குப் போய்விட்டால் திரும்பும்வரை காத்திருக்க வேண்டிய ஒன்று. பிரசவ வேதனையில் ஒரு பெண் இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கல்லடியில் 1924இல் ஆங்கிலேய ஆட்சி இரும்புப் பாலம் அமைத்து, ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரை அதற்குச் சூட்டியது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பேருந்து, எதிரே ஒரு வாகனம் வந்தால் கரையில் நின்று வழிவிடவேண்டியிருந்த காலத்தை நான் நன்கு அறிவேன். 2013இல் அதன் பக்கத்திலேயே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. செய்மதிப் படத்தில் இரண்டு கோடுகள் அருகருகே தெரியும். மெலிந்தது பாட்டனார், தடித்தது பேரன். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாப் பாலம் 2009இல் 396 மீற்றர் நீளத்தில் எழுந்து, பாதைக்குக் காத்திருந்த மக்களின் நீண்டநாட் குறையைத் தீர்த்தது.

அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியிலே, பழைய பாலத்தை அகற்றிப் புதியதை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மக்கள் ஒரு மிதவையிலே அக்கரைக்குக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் உயிரிழந்தோருள் இருந்தனர். பாலம் இருந்த காலத்துப் படமும், பாலம் முடிந்த காலத்துப் படமும் எவர் கண்ணுக்கும் விளங்கும். இடையிலுள்ள படத்தைப் பார்த்து, பழைய பாலத்தைக் கழற்றுமுன் பிள்ளைகள் எதன்மேல் கடப்பர் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள், தரையிலே இருந்த மனிதர்கள்.

அன்றைய பாடவேளை முடியுந் தறுவாயில், மண்முனையைப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறினேன். அங்கே 2014இல் பாலம் திறக்கப்பட்டது. கணினியில் ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்தினால் பாலம் மறைந்துவிடும். ஒரு வீதி கிழக்கேயிருந்து வந்து நீர்விளிம்பில் நின்றுவிடும். மற்றொரு வீதி மேற்கேயிருந்து வந்து எதிர்க்கரையில் நின்றுவிடும். நடுவிலே நீர் மட்டும். முதலில் ஏமாந்த அதே மாணவன் திரைக்கு அருகிற் குனிந்து, நீரின் நடுவே வெண்மையான ஒரு சிறு புள்ளியைக் காட்டினான்.

"சேர், இதுதானா பாதை?"

"அதுவாகத்தான் இருக்க வேண்டும்," என்றேன்.

"எந்தக் கரைக்குப் போகிறது?" என்று அவன் கேட்டான். இருவருமாகக் குனிந்து நெடுநேரம் பார்த்தோம். மணி அடித்துவிட்டது.