மொஸ்கோ நுண்ணலையும் ஆயிரம் மடங்கு வேறுபாடும்

மின்காந்தப் புலங்கள் மனித உடலை எவ்வாறு தாக்குகின்றன என்ற வினா ஆய்வுகூடங்களுக்குள் மட்டும் வளர்ந்ததன்று. பனிப்போரின் அரசியலும் அதனை வகுத்தது. மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1950களிலேயே அத்தூதரகத்தின்மீது வெளியிலிருந்து நுண்ணலைகள் செலுத்தப்படுவது அமெரிக்க அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அதன் நோக்கம் யாதென்பது இன்றும் விவாதத்துக்குரியது. 1975 வரை அதன் செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 5 மைக்குரோவாற்றுக்கு மேற்படவில்லை.

இவ்வளவு தீங்கானதா? விடை எந்நாட்டு அளவுகோலைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்திருந்தது. அமெரிக்காவில் ஹேர்மன் ஷ்வான் 1953இல் முன்மொழிந்த எல்லை 10 மில்லிவாற்று. உடல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கி வெளியேற்றவல்லது என்ற கணிப்பிலிருந்து அது பெறப்பட்டது. இழையம் சூடேறாவிடின் கேடில்லை என்பதே அதன் அடிப்படை. இன்றைய பன்னாட்டு நுண்ணலை வரம்புகளும் பெரும்பாலும் வெப்பத்தையே முதன்மையாகக் கருதுகின்றன. சோவியத் ஒன்றியத்திலோ, முழு வேலைநாளுக்கு 1950களின் பிற்பகுதியில் விதிக்கப்பட்ட எல்லை 10 மைக்குரோவாற்று மட்டுமே. அதாவது ஆயிரத்திலொரு பங்கு. நுண்ணலைக் கருவிகளோடு பணியாற்றியோரிடம் காணப்பட்ட தலைவலி, களைப்பு, உறக்கக் குறைவு முதலியவற்றை அந்நாட்டு மருத்துவர் நரம்புத் தொகுதியின் துலங்கலாகக் கொண்டனர். அவ்வாய்வுகளில் கதிர்ப்பளவும் ஒப்பீட்டுக் குழுக்களும் தெளிவாகக் கூறப்படவில்லை என மேற்குலக அறிஞர் குறைகூறினர். அக்குறைபாடு நியாயமானதே. ஆயினும், நோயாளியின் முறைப்பாட்டைக் கேட்டவர்கள் சோவியத் மருத்துவரே என்பதையும் மறுத்தற்கில்லை.

இதனால் வாஷிங்டன் இக்கட்டிற்குள்ளானது. மொஸ்கோ நுண்ணலை தீங்கானதெனக் கண்டித்தால், அதனிலும் பன்மடங்கு செறிவைப் பாதுகாப்பானதெனக் கொண்ட தன் சொந்த அளவுகோலையே மறுக்க நேரும். எனவே இரகசியமாக ஆராய்வதே வழியாயிற்று. 1965இல் தொடங்கிய 'பண்டோரா' திட்டத்தில் குரங்குகள் நுண்ணலைக்கு உட்படுத்தப்பட்டன. தூதரக ஊழியரிடமும் குருதி பெறப்பட்டது; நிறமூர்த்தங்களில் மாற்றம் உண்டா என அறிவதே உண்மை நோக்கம். அவர்களுக்குச் சொல்லப்பட்டதோ வைரசு ஆய்வு என்பது. தம் உடலைப் பற்றிய ஆய்வை அவ்வுடலுக்குரியோரே அறியாதிருந்தனர். 1976இலேயே அவர்களுக்கு உண்மை தெரிவிக்கப்பட்டது. சாளரங்களுக்கு உலோக வலைகளும் அவ்வாண்டிலேயே இடப்பட்டன.

பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏப்ரகாம் லிலியன்பெல்ட், மொஸ்கோவில் பணியாற்றிய 1,800க்கு மேற்பட்டோரைக் கிழக்கைரோப்பாவின் ஏனைய அமெரிக்கத் தூதரகங்களில் இருந்தோருடன் ஒப்பிட்டார். நுண்ணலையால் தீங்கு நேர்ந்ததென நம்பத்தக்க சான்று இல்லை என்பது அவரது 1978ஆம் ஆண்டு அறிக்கையின் முடிவு. எனினும், ஆராயப்பட்டோரிற் பலர் இளவயதினர். நெடுங்காலத்தின் பின் தோன்றும் நோய்கள் வெளிப்படுவதற்குரிய ஆண்டுகள் அப்போது அவர்களுக்குக் கழிந்திருக்கவில்லை.