நினைவகப் பழுதும் சோதனை முறைகளின் வளர்ச்சியும்: 1948 முதல் 2014 வரை

முன்னுரை

நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதித் திரும்பப் படித்தால் பழுது வெளிப்பட்டுவிடும் என்று எண்ணுவது இயல்பு. வரலாறு அப்படி அமையவில்லை. நினைவகம் எப்படிக் கெடும் என்ற ஓர் அனுமானத்தின் மேல்தான் ஒவ்வொரு சோதனையும் நிற்கிறது. அந்த அனுமானத்துக்கு வெளியே உள்ள பழுது சோதனையில் சிக்குவதில்லை. அனுமானங்கள் படிப்படியாக விரிந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சோதனைக்கென்றே பிறந்த கணினிகள்

1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ‘பேபி’, நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து ஓடிய முதல் மின்னணுக் கணினி. ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் உருவாக்கிய கதோடு கதிர்க் குழாய் நினைவகம் வேகமாக மாறும் தகவலைத் தாங்குமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். 32 பிட் கொண்ட 32 சொற்களே அதன் கொள்ளளவு. முதல் நிரல் 52 நிமிடங்களில் சுமார் 35 லட்சம் செயல்களைச் செய்து சரியான விடை தந்தது. அந்த விடையே நினைவகத்துக்கான சான்று.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழு காந்த வளைய நினைவகத்தைச் சோதிக்க ‘மெமரி டெஸ்ட் கம்ப்யூட்டர்’ என்ற தனிக் கணினியையே கட்டியது. அதில் தேறிய நினைவகம் 1953 ஆகஸ்டில் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினிக்கு மாற்றப்பட்டது. வளைய நினைவகத்தில் ஒரு வளையத்தைப் படிக்கும்போது அதே கம்பியில் உள்ள மற்ற வளையங்களும் பாதி மின்னோட்டம் பெற்றுச் சிறு இரைச்சல் எழுப்பும். சதுரங்கக் கட்டம் போல 0, 1 மாறி மாறி அமையும் வடிவங்களில் அந்த இரைச்சல் மிகும். எந்தத் தகவலை எழுதிச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம் என்ற அறிவு இங்கே உறுதிப்பட்டது.

கண்டறிதலும் திருத்துதலும்

பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் ஆளின்றி ஓடும் ரிலே கணினி பிழை கண்டவுடன் வேலையைக் கைவிடுவதைப் பார்த்துச் சலித்தார். பிழையைக் கண்டுபிடிக்க முடிகிற இயந்திரம் அதைத் திருத்தவும் கூடாதா என்ற அவருடைய கேள்வியின் விடை 1950இல் கட்டுரையாக வெளிவந்தது. 4 தகவல் பிட்டுகளோடு 3 சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்தால், பிழையான ஒற்றை பிட் எது என்று கணக்கே சொல்லிவிடும். 1961இல் வந்த ஐ.பி.எம். ஸ்ட்ரெட்ச் 64 பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட் வைத்தது. 1981இன் ஐ.பி.எம். பி.சி. 8 பிட்டுக்கு ஒரு பாரிட்டி பிட்டோடு நின்றது. பாரிட்டி பிழையை அறிவிக்கும்; திருத்தாது.

அண்டை அறைகளின் குறுக்கீடு

1970இல் இன்டெல் 1103 சில்லு வந்ததோடு டிராம் நினைவகம் சந்தையில் வேரூன்றியது. அதில் நுண்ணிய மின்னேற்றமாக நிற்கும் தகவல் கசியும். அண்டை அறையில் எழுதுவது இந்த அறையைக் குலைக்கவும் கூடும். எல்லா அறை இணைகளையும் சோதிக்கும் ‘கால்பேட்’ முறையின் செலவு அறைகளின் எண்ணிக்கையின் வர்க்கமாகப் பெருகும். 10,48,576 அறை கொண்ட 1 மெகாபிட் சில்லில், ஒரு செயலுக்கு 100 நானோ விநாடி என்று கொண்டாலும் அது 30 மணி நேரத்தைத் தாண்டும்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவை ‘மார்ச்’ சோதனைகள். 1978இல் நாயர், தாத்தே, ஆபிரகாம் மூவரும், 1981இல் சுக், ரெட்டி இருவரும் இவ்வழியில் அடிப்படை ஆய்வுகளை வெளியிட்டனர். ஒவ்வோர் அறையாக 0 உள்ளதா என்று படித்து 1 எழுதி முன்னேறுவது, பிறகு 1 உள்ளதா என்று படித்து 0 எழுதுவது, இதையே தலைகீழ் வரிசையிலும் செய்வது என்பதே இச்சோதனைகளின் முறை. திசை மாறுவதால் ஓர் அறை மற்றோர் அறையைக் கெடுப்பதும் பிடிபடும். ‘மார்ச் சி மைனஸ்’ முறையில் அறைக்கு 10 செயல்களே. மேற்கண்ட சில்லுக்கு ஏறத்தாழ 1 விநாடி போதும்.

பழுதின்றியும் பிழை

1976இல் லாஸ் அலமோஸில் நிறுவப்பட்ட முதல் கிரே-1 கணினி ஆறு மாதச் சோதனையில் 152 பாரிட்டிப் பிழைகளைக் காட்டியது. 1978இல் இன்டெலின் மே, உட்ஸ் இருவரும் சில்லின் உறையில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்கள் பிட்டை மாற்றுகின்றன என்று காட்டினர். அண்டக் கதிர்களும் காரணமாகலாம் என்று 1979இல் சீக்லரும் லான்ஃபோர்டும் எழுதினர். அறை நன்றாகவே இருக்கும். ஒரு கணம் மட்டும் தகவல் மாறும். இத்தகைய மென்பிழையை மறுசோதனையில் காண முடியாது. திருத்தக் குறியீடே காப்பு.

பயனர் கைக்கு வந்த சோதனை

1994இல் கிறிஸ் பிராடி வெளியிட்ட மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை நிரல், இயங்குதளம் இன்றி நேரடியாக ஓடியது. தான் தங்கியிருக்கும் பகுதியையும் இடம்பெயர்ந்து சோதித்தது. இடையில் நிற்கும் கேஷ் நினைவகம் விடையை மறைக்காதிருக்க, 20 இடங்களுக்கு ஒன்றில் ஒரு வடிவத்தையும் மற்றவற்றில் அதன் எதிர்மறையையும் எழுதும் முறை அதில் சேர்ந்தது.

கூகுள் சர்வர்களை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை நேர்வதாகவும், அவற்றில் வன்பொருள் பழுதே மேலோங்குவதாகவும் கண்டது. மென்பிழையே பெரிது என்ற பொதுக்கருத்து இதனால் ஆட்டம் கண்டது. 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இன்டெலும் சேர்ந்து நடத்திய ஆய்வு, ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்தால் அண்டை வரிசையின் பிட்டுகள் மாறுவதைக் காட்டியது. சோதித்த 129 பலகைகளில் 110இல் இக்குறை இருந்தது. ‘ரோஹேமர்’ எனப்படும் இதைப் பழைய சோதனைகள் தேடவே இல்லை. மெம்டெஸ்ட்86 பின்னர்தான் இதற்கெனத் தனிச் சோதனையைச் சேர்த்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பழுது பார்ப்போருக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, சோதனை ஒரு பிழை காட்டினாலும் அதைப் புறக்கணிக்கக் கூடாது. ஆனால் குற்றம் ரேம் பலகையுடையதுதான் என்று உடனே தீர்மானிக்கவும் கூடாது. ஸ்லாட், மின்னழுத்தம், கூட்டி வைத்த வேகம், நினைவகக் கட்டுப்படுத்தி ஆகியவையும் காரணமாகலாம். வேகத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, பலகைகளை ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டிலும், பிறகு இடம் மாற்றியும் சோதிப்பதே காரணத்தைப் பிரித்தறியும் வழி. இரண்டாவது, சோதனையில் தேறிய நினைவகம் அச்சோதனை தேடிய பழுதுகள் புலப்படாத நினைவகம் மட்டுமே. இழக்க முடியாத தகவலைக் கையாளும் கணினிக்குச் சோதனையோடு பிழை திருத்தும் நினைவகமும் வேண்டும்.